உப்புப் போட்ட ஐஸ்

குளிர்ச்சியைப் பற்றி ஹாதிக்குப் பாடம் எடுக்க அந்தக் கரையில் ஒருவரும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகச் செங்கடல் மீனை ஐஸில் அடுக்கி மலைநாட்டுக்கு ஏற்றி அனுப்புகிறவன் அவன். விடிகாலையில் படகுகள் ஒதுங்கி, ஏலம் முடிந்து, சீலாவும் பாரையும் சிமெண்டுத் தரையில் வரிசையாகக் கிடக்கும்போது வியாபாரிகள் கேட்கிற முதல் கேள்வி, "ஹாதி வந்தாச்சா?" என்பதுதான். ஐஸ் பாளத்தைக் கோணிக்குள் போட்டு மரக்கட்டையால் நாலு சாத்து சாத்துவான். பொடி ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு, அதன்மேல் கை நிறையக் கல்லுப்பு. உப்புதான் அவனுடைய தொழில் ரகசியம், அதாவது ஊருக்கே தெரிந்த ரகசியம். உப்பு விழுந்த ஐஸ் வெறும் ஐஸைவிட மூர்க்கமானது. விரலை வைத்தால் கடிக்கும். அவன் அடுக்கிய பெட்டியை இரண்டு நாள் கழித்து மலைமேல் தலைநகர் ஸனாவில் திறந்தால் மீன் கண்ணைச் சிமிட்டும் என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். லாரிக்காரர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும்தான். மீதிப் பாதியே ஹாதியின் தலையைக் கனக்க வைக்கப் போதுமாக இருந்தது.

அவனுக்கு ஒரே மகள், அஹ்லாம். பதினான்கு வயது. பதினொன்றிலேயே அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை இல்லை. காலையில் ஒரு ஊசி, மாலையில் ஒரு ஊசி, உயிர் இருக்கிறவரைக்கும். சுகாதார நிலையத்து நர்ஸ் நஜாத் மாதம் ஒரு குப்பி மருந்து தருவாள். "குளிர்ச்சியா வெச்சுக்கங்க, வெயில் பட்டா கெட்டுப்போகும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் தருவாள். வீட்டில் ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது? கூரைமேல் இருக்கிற சூரியத் தகடு ஒரு விளக்கையும் ஒரு போனையும் தாங்குவதே பெரிய காரியம். ஹாதியின் மனைவி தகிய்யா குப்பியைத் துணியில் சுற்றி, மண்பானைக்குள் வைத்து, பானையை ஈரச் சாக்கால் மூடி, நிழல் விழுகிற மூலையில் வைத்திருந்தாள். மூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது. பெண் பள்ளிக்கூடம் போனாள், வளர்ந்தாள், அம்மாவோடு சண்டை போட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இந்த வருஷக் கோடை சொல்லிக்கொள்ளாமல் வந்தது. மத்தியானத்தில் புழுதிக்காற்று கிளம்பினால் கண்ணைத் திறக்க முடியாது. ராத்திரியில் கயிற்றுக்கட்டிலை வாசலில் போட்டு அதன்மேல் தண்ணீர் தெளித்துப் படுத்தாலும் முதுகு வேகும். ஹாதி பானைக்குள் கையை விட்டுப் பார்த்தான்.

"இது குளிர்ச்சியா? இதுல ஒரு சூரை மீன வெச்சா மத்தியானத்துக்குள்ள நாறிடும்" என்றான்.

"மருந்து என்ன சூரையா? மூணு வருஷமா இதுலதானே இருக்கு?"

"குளிர வைக்கிறது என் தொழில் தகிய்யா. அத என்கிட்ட விடு. நீ ரொட்டியப் பாரு."

மறுநாளே சின்னதாக ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. தினமும் வேலை முடிந்து வரும்போது ஒரு பை ஐஸ் பொடி கொண்டுவருவான். மீனுக்குச் செய்கிற மாதிரியே கீழே ஒரு அடுக்கு, நடுவில் குப்பி, மேலே ஒரு அடுக்கு, அதன்மேல் உப்பு. வியாபாரியின் மீனுக்கு ஒரு கை போடுகிறவன் மகளின் மருந்துக்கு ஒன்றரைக் கை போட்டான். அவ்வளவு பாசம்.

பாசம் அதோடு நிற்கவில்லை. கரையில் ஊசி போட்டுக்கொள்கிற வீடுகள் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று, வலை பின்னுகிற ஹஸனின் வீடு, அவனுக்கே சர்க்கரை. இன்னொன்று, கரையை ஒட்டிய முதல் வீடு, கிழ மாலுமி ஷூயியும் அவர் மனைவி ஸகீனாவும் இருப்பது. கரையில் பாதிப் பேர் ஷூயியின் படகில் வாந்தி எடுத்துத்தான் கடலைக் கற்றுக்கொண்டவர்கள். ஹாதி அந்த இரண்டு வீடுகளுக்கும் தினம் ஒரு பை ஐஸும் ஒரு பொட்டலம் உப்பும் சும்மா கொடுத்தான். உப்பை எப்படித் தூவ வேண்டும் என்று உட்கார்ந்து செய்தும் காட்டினான்.

ஐஸ் வந்த மூன்றாவது வாரத்திலிருந்து அஹ்லாம் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். அதற்கு ஒரு கணக்கே இல்லை.

ஒருநாள் மாலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த கம்பு ரொட்டி, புளித்த மோர், சுட்ட பாரை, தக்காளியும் பச்சைமிளகாயும் இடித்த சட்னி. அஹ்லாம் ரொட்டியைத் தொடாமல் மூன்றாவது சொம்பை எடுத்தாள்.

"போதும். வயிறா, தொட்டியா?" என்றான் ஹாதி.

"தாகமா இருக்கு வாப்பா."

"சும்மா எடுக்குமா தாகம்? என்ன தின்னே, சொல்லு."

"ஒண்ணும் திங்கல."

"தண்ணி ஜாடிக்குப் பின்னாடி மூணு பேரீச்சங்கொட்டை கெடந்துச்சே, அது?"

"எலி இழுத்துட்டு வந்திருக்கும்."

"எலி பழத்தத் தின்னுட்டுக் கொட்டைய வரிசையா அடுக்கி வெச்சுட்டுப் போச்சா? நம்ம வீட்டு எலி பள்ளிக்கூடம் போவுதோ?"

வேறொரு நாளாக இருந்தால் அஹ்லாம் சிரித்திருப்பாள். இப்போது சொம்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். தகிய்யா சொன்னாள்: "அந்தப் பழம் நான் தின்னது. போதுமா? எல்லாருக்கும் முன்னாடி நிக்க வெச்சுக் கேக்குறீங்களே, அவ என்ன திருடியா?"

"நீ எடம் குடுக்குறே, அவ திங்குறா. நர்ஸு என்ன சொன்னா? சர்க்கரை முந்நூத்தி எழுபது. போன வாரத்தவிட ஏறியிருக்கு. மருந்த ரெண்டு தடவ கூட்டியும் ஏறுதுன்னா வாய் சும்மா இல்லன்னுதானே அர்த்தம்?"

"மருந்து முன்ன மாதிரி இல்லங்க. குப்பிய வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. ஓரமெல்லாம் ரவை மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது."

"ஐஸ்லேருந்து எடுத்தா அப்படித்தான். நல்லாக் குலுக்கிட்டுப் போடு."

ஹாதி முரடன் இல்லை. அவனுக்குப் பயம். மகள் மெலிகிறாள் என்பது அவன் கண்ணுக்கும் தெரிந்தது. பள்ளிச் சட்டை தோளிலிருந்து வழிந்தது, ராத்திரியில் நாலு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத ஆண்பிள்ளை வேறு என்ன செய்வான்? கத்தினான். வீட்டிலிருந்த பழத்தையெல்லாம் அக்கம்பக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்தான். கடைத்தெருவில் அல்வாக்காரனிடம் நாலு பேர் கேட்கும்படி, "என் பொண்ணு வந்து நின்னா ஒரு துண்டு குடுக்காதே, விரட்டிவிடு" என்று சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்கு அஹ்லாம் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் போகவில்லை.

அந்த வாரம்தான் ஷூயி செத்துப்போனார்.

காலில் சின்னதாக ஒரு சிப்பி கிழித்திருந்தது. அது ஆறாமல், காய்ச்சல் வந்து, சர்க்கரை எண்ணிக்கைக்குள் நிற்காமல் ஏறி, ஐந்தே நாளில் ஆள் போய்விட்டார். அடக்கம் முடிந்து கரையில் ஆண்கள் உட்கார்ந்து, லேசாகக் கிறக்கம் தருகிற காத் இலையை மென்றுகொண்டிருந்தபோது ஒருவன், "ஊசிய ஒரு நாள் விடாம போட்டுக்கிட்டாரே மனுஷன்" என்று ஆரம்பித்தான்.

"ஊசி என்ன செய்யும்?" என்றான் ஹாதி. கன்னத்தில் இலை உருண்டையோடு எல்லோரைவிடவும் சத்தமாகச் சொன்னான். "நாக்க அடக்கணும். கடலையே அடக்குனவரு, நாக்க அடக்க முடியல. ஸகீனா அக்கா தெனம் அவரோட சண்டைதான். ஒளிச்சு ஒளிச்சுத் தின்னா ஊசிக்கு எங்க கேக்கும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். பொறுப்பைச் செத்தவர்மேல் வைத்துவிட்டால் இருக்கிறவர்களுக்கு ஒரு நிம்மதிதானே. ஹாதி வீட்டுக்கு வந்து மகளிடமும் அதையே சொன்னான்: "ஷூயி மாமா எப்படிப் போனாரு பாத்தியா?" சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், இருட்டில் கடலைப் பார்த்து நின்றுகொண்டு, அவளை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே என்று அல்லாவிடம் மன்றாடினான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து, கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது தகிய்யா ஓடி வந்தாள். பெண்கள் வராத இடம் அது. முகத்திரை ஒருபக்கம் விலகியதுகூடத் தெரியாமல் மீன் தண்ணீரில் வழுக்கி வழுக்கி வந்தாள்.

"அவ எழுந்திரிக்க மாட்டேங்குறா. வாந்தி எடுத்தா. மூச்சு ஒரு மாதிரி இழுத்து இழுத்து விடுறா."

ஹாதி மரக்கட்டையை நின்ற இடத்தில் போட்டுவிட்டு ஒரு மோட்டார் சைக்கிள்காரனை இழுத்துக்கொண்டு ஓடினான். அஹ்லாமை நடுவில் உட்கார வைத்துப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். அவளுடைய எலும்பெல்லாம் அவன் நெஞ்சில் குத்தியது. ஓடி ஓடி வந்து இரைக்கிறவள் மாதிரி அவள் மூச்சு வாங்கினாள். அந்த மூச்சில் அழுகின பழத்தின் வாடை அடித்தது. அந்த நிலையிலும் அவனுக்குத் தோன்றியது இதுதான்: பழம் தின்றிருக்கிறாள்.

சுகாதார நிலையம் இரண்டு அறை. நஜாத் விரலில் குத்திப் பார்த்தாள். கருவி எண்ணைக் காட்டவில்லை. தனக்கு எண்ணத் தெரிந்த அளவைத் தாண்டிவிட்டது என்றது. நஜாத் அவள் கையில் சலைன் ஏற்றினாள். நகரத்து டாக்டருக்குப் போன் போட்டுக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல நிலையத்து ஃபிரிட்ஜிலிருந்து ஒரு குப்பியை எடுத்து ஊசி போட்டாள். நகரம் மூன்று மணி நேரம். இந்த வெயிலில், இந்த ரோட்டில், இப்போது கொண்டுபோக முடியாது. முதலில் மூச்சு இறங்கட்டும் என்றார் டாக்டர்.

"பொழைப்பாளா?" என்றான் ஹாதி.

"மணிக்கு ஒரு தடவ பாக்கணும். இப்பக் கேக்காதீங்க அண்ணே."

முதல் மணி நேரத்துக்குப் பிறகும் கருவி எண்ணைக் காட்டவில்லை. ஹாதி சுவரோரம் குந்தியிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கைகளுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. இரண்டாவது மணி முடிந்தபோது எண் வந்தது, ஐந்நூற்றுச் சொச்சம். தகிய்யா அதைக் கேட்டு அழுதாள். ஐந்நூறு என்றால் அழ வேண்டுமா, சிரிக்க வேண்டுமா என்று ஹாதிக்குத் தெரியவில்லை.

"எறங்குது" என்றாள் நஜாத். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே ஊசிக்கு எறங்க ஆரம்பிச்சிருச்சு. வீட்டுல மட்டும் ஏன் எறங்கல? வீட்டுக் குப்பி எங்க?"

தகிய்யா இடுப்பு மடியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். நஜாத் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். குலுக்கினாள். மறுபடியும் பார்த்தாள். கண்ணாடியின் உட்புறம் பூராவும் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"இத எதுல வெச்சிருந்தீங்க?"

"ஐஸ்ல" என்றான் ஹாதி. "சும்மா இல்ல, என் கையால வெச்சேன். ஒரு நாள் தவறினதில்ல. உப்புப் போட்டு..."

"உப்பா?"

"உப்புப் போட்டாத்தான் ஐஸுக்குக் கடுமை வரும். மீனே கல்லு மாதிரி எறுகிடும்."

நஜாத் குப்பியை மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

"அண்ணே, மீன் செத்த சாமான். அத எவ்வளவு எறுக வெச்சாலும் அதுக்கு ஒண்ணும் இல்ல. இது அப்படி இல்ல. இது ஒரு தடவ ஒறைஞ்சாப் போச்சு, செத்துடும். அப்புறம் உருகினாலும் உசிரு வராது. வெயில்ல வைக்காதீங்கன்னு சொன்னேன். ஒறைய வைக்காதீங்கன்னு சொல்லல. நம்ம ஊர்ல ஒறைய வைக்க யாருகிட்ட என்ன இருக்குன்னு நெனச்சுட்டேன். எம்மேலயும் தப்புதான்."

"அப்ப நாங்க போட்ட ஊசி?"

"தண்ணி. ரெண்டு மாசமா தண்ணியத்தான் குத்தியிருக்கீங்க. அது தெரியாம நானும் அளவக் கூட்டிக்கிட்டே போனேன். மூச்சுல அடிக்கிற பழ வாடையும் மருந்து இல்லாததாலதான்."

ஹாதி தகிய்யாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மகளின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ரவை மாதிரி இருக்கிறது என்று இவள் சொன்னாளே, குலுக்கிப் போடு என்றேனே என்று அவனுக்குள் ஓடியது. அப்புறம்தான் மற்றது உறைத்தது.

"அப்போ இவ ஒண்ணுமே திங்கலயா?"

"திங்கலன்னுதானே வாப்பா சொன்னேன்."

கட்டிலிலிருந்து அஹ்லாம்தான் சொன்னாள். கண் முழுதாகத் திறக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. ஹாதி மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தான். அவள் அதை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அவன் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"தெரியும்டா. நீ திங்கல."

"இப்பத்தானே தெரியுது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நஜாத் மறுபடியும் விரலில் குத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அண்ணே, இந்த உப்பு வேலைய வேற யாருக்காவது சொல்லிக் குடுத்தீங்களா?"

ஹாதி மகளின் கையை விட்டான். எழுந்தான். "போங்க" என்றாள் தகிய்யா, முதல் தடவையாக அவனை ஏறிட்டுப் பார்த்து. "நான் இருக்கேன். போங்க."

உச்சி வெயில். செருப்பை நிலையத்து வாசலிலேயே விட்டுவிட்டான் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. மணல் காலைப் பொசுக்கியது, திரும்பிப் போகவில்லை. வலைக்கார ஹஸன் வாசலில் நைலான் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். ஹாதி அவனைத் தாண்டி உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தான்.

"ஏய், பைத்தியம் புடிச்சிருச்சா? தர்மத்துக்குக் குடுத்த ஐஸத் திருப்பிக் கேக்குறியா?"

"ஹஸன், இந்த மருந்து செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். இப்பவே நஜாத்துகிட்ட போ. புது மருந்து வாங்கு. அளவையும் அவகிட்டயே கேளு, நீயா போடாதே. ஐஸே வேணாம், ஈரச் சாக்குல பானை போதும்."

"அதான் ரெண்டு வாரமா கண்ணு மங்குதா?" என்று ஹஸன் தன்னையே கேட்டுக்கொண்டு எழுந்தான். அவன் திட்டுவான் என்று ஹாதி எதிர்பார்த்து நின்றான். ஹஸன் திட்டவில்லை, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

இனி ஒரு வீடுதான். அங்கே காப்பாற்ற யாரும் இல்லை. அங்கே போகாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதும் இல்லை. ஹாதி கடைத்தெரு மூலையில் நின்றான். வீட்டுக்குப் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். மகள் பிழைத்துக்கொண்டிருக்கிறாள், தகப்பன் பக்கத்தில் இருக்க வேண்டாமா? நியாயமான காரணம்தான். அந்தக் காரணத்தை நாலைந்து தடவை தனக்கே சொல்லிப் பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. கால் கரைப்பக்கமே திரும்பியது.

ஸகீனா இத்தாவில், அதாவது புருஷன் போன பிறகு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய துக்கக் காலத்தில் இருந்தாள். அந்நிய ஆண் உள்ளே போகக் கூடாது. கதவில் ஒரு நீலத் துணி தொங்கியது. அதற்கு முன்னால் நின்று குரல் கொடுத்தான்.

"யாரு?"

"ஹாதி."

"வா தம்பி. ஐஸ் இனிமே வேணாம்ப்பா. யாருக்கு வைக்கப் போறேன்?" துணிக்குப் பின்னால் அவள் வந்து உட்காருவது தெரிந்தது. "நீ அவருக்கு ரொம்பச் செஞ்சே. கடைசி நாள் வரைக்கும் கொண்டுவந்து குடுத்தே. அந்த மனுஷன்தான் வாயக் கட்டல."

ஹாதி சொன்னான். நஜாத் சொன்னதை அப்படியே சொன்னான். நடுவில் குழம்பினான். மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். உப்பு, உறைந்தது, துணுக்கு, தண்ணி. தின்னவில்லை என்று சொன்ன மகள். எல்லாம் சொல்லி முடித்தபோது துணி அசையவில்லை. கரையில் பிற்பகல் ஏலம் தொடங்கிவிட்டது, ஏலக்காரனின் குரல் கேட்டது.

பிறகு அவள் பேசினாள். அழுகிற குரல் இல்லை அது.

"குர்ஆன எடுத்துட்டு வா, கைய வெச்சுச் சொல்றேன்னாரு. ஒரு பழம் தொடலன்னு சத்தியம் பண்ண வந்தாரு. பொய்ச் சத்தியம் பண்ணிட்டு நரகத்துக்குப் போவாதீங்கன்னு நான் குர்ஆனத் தூக்கி மேல வெச்சுட்டேன். காய்ச்சல்ல கெடக்கும்போதும் விடல. திருடித் தின்னதுக்கு அனுபவிங்கன்னேன். அதான் நான் அவருகிட்ட கடைசியாப் பேசின பேச்சு."

"அக்கா, என்ன வேணும்னாலும் சொல்லு. அடிக்கணும்னா அடி."

"உன்ன அடிச்சு நான் என்ன செய்ய? உன் பொண்ணு எப்படி இருக்கா?"

"எறங்கிட்டிருக்கு."

"அல்லா காப்பாத்தட்டும்." பிறகு கேட்டாள்: "அடக்கம் பண்ணிட்டு வந்து கரையில ஒக்காந்து பேசினீங்களே. நாக்க அடக்கத் தெரியாம போயிட்டாருன்னு ஒருத்தன் சொன்னான். நீதானே?"

ஹாதி துணியிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"உன் குரல் எனக்குத் தெரியும். இந்தக் கதவு வரைக்கும் கேட்டுச்சு. எல்லாரும் ஆமான்னதும் கேட்டுச்சு. இப்ப அங்க எல்லாரும் இருப்பாங்க. போ. அதே ஆளுங்க முன்னாடி சொல்லு. அவரு திருடித் திங்கலன்னு சொல்லு. மெதுவா இல்ல. இங்க ஒக்காந்து எனக்குக் கேக்கணும்."

கரை நிறைய ஆள். சூரை குவிந்து கிடந்தது. வெறுங்காலோடு வந்து நின்றவனைப் பார்த்து வியாபாரிகள், "வந்தாச்சுப்பா ஹாதி! பொண்ணு எப்படி? எங்கய்யா போனே, மீன் வாடுது" என்றார்கள். ஏலக்காரன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஹாதி அவன் தோளைத் தொட்டு நிறுத்தினான். நூறு கண்கள் திரும்பின. முதலில் வெறும் காற்றுதான் வந்தது.

"என்னய்யா? சத்தமாச் சொல்லு, கேக்கல" என்றான் ஏலக்காரன்.

"ஷூயி எதுவும் திங்கல!" என்றான் ஹாதி, நீலத் துணி தொங்குகிற அந்தக் கதவு வரைக்கும் கேட்கிற மாதிரி. "அவரு ஒரு பழத்தக்கூடத் தொடல. என் பொண்ணும் தொடல. நான்தான்."